ஐம்பது வயது மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் வாங்கினேன்

வண்டி இன்சூரன்ஸ் ஆபீஸுக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. இடித்தவர் வருவார், இடிபட்டவர் வருவார், இல்லையென்றால் பாலிசி முடிந்தது தெரியாமல் போலீஸிடம் மாட்டியவர் வருவார். பழங்காநத்தத்தில் ஓர் ஏஜென்சியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. என் குரல் மேஜையைத் தாண்டாது. வாடிக்கையாளர்கள் குனிந்து காதைக் கொடுப்பார்கள். நான் பிரீமியத்தை ரகசியம் போலச் சொல்வேன். பழைய வண்டிக்காரர்களிடம் மட்டும் அந்தச் சிரமம் கிடையாது. அவர்கள் என்னைப் பேசவே விடமாட்டார்கள். அதனாலேயே அவர்களைப் பிடித்துப்போனது, பிறகு அவர்கள் வியாதியும் தொற்றிக்கொண்டது. அதே வியாதி உள்ளவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். மற்றவர்கள் தடுப்பூசியாக எடுத்துக்கொள்ளலாம்.

திருட்டுப் பயம்

ஒத்தக்கடையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். தன் மோட்டார் சைக்கிளை 'அது' என்று சொல்ல மாட்டார், 'அவரு' என்பார். "அவருக்கு நேத்து உடம்பு சரியில்லம்மா, கார்புரேட்டர்ல தண்ணி போயிருச்சு" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும்.

வண்டி திருடு போனாலும் பாலிசியில் பணம் கிடைக்கும், ஆனால் வண்டியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று ஒருநாள் விளக்கினேன். அவர் குனிந்து கேட்டார், நிமிர்ந்தார், சிரித்தார். "அவரை ஒரே உதையில ஸ்டார்ட் பண்ற திருடன் கிடைச்சா போலீஸ்ல சொல்லிராதம்மா, எனக்கு மெக்கானிக்கா அனுப்பி வை."

தார்ப்பாய்க்குள் ஒரு ஹேண்டில்பார்

கப்பலூரில் ஒரு லேத் பட்டறையின் சரக்கு வண்டியைப் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை விலக்கினேன். சுருள் கம்பி வைத்த ஒற்றை சீட், முகப்பு விளக்குக்கு மேல் குட்டி ஆம்பியர் மீட்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஐம்பது வயது தாண்டிய வண்டி! "அண்ணே, இதக் குடுப்பீங்களா?" என்று என் வாயிலிருந்து சத்தமாக வந்தது. பட்டறைக்காரர் என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். ஆர்.சி. புத்தகத்தையும் தேடி எடுத்துக் கொடுத்தார்.

லோடு ஆட்டோவில் வண்டி வீட்டுக்கு வந்து இறங்கியது. அதை நிறுத்த இடம் வேண்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்த அம்மாவின் ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளினேன். ஐம்பது வருடம் கடந்த வண்டி பழைய உருவம் மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்து, 'விஏ' என்ற எழுத்துகள் போட்ட நம்பர் பிளேட் தருவார்கள் என்று அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா வெயிலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார். "நம்பர் வந்தா இங்கன நிக்கட்டும். வரலேன்னா அதே ஆட்டோவுல காயலான் கடைக்குப் போகட்டும்."

வயது பத்தாத கம்ப்யூட்டர்

விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்க முதலில் இன்சூரன்ஸ் வேண்டும். நானே இன்சூரன்ஸ்காரி, இது ஒரு வேலையா என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் வண்டி தயாரான வருடத்தைத் தேர்ந்தெடுக்கப் போனால், பட்டியல் என் வண்டி பிறந்த வருடம் வரை பின்னோக்கிப் போகவே இல்லை. இருப்பதிலேயே பழைய வருடத்தைப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் மதிப்பு ஒன்றுமே இல்லை என்றது.

இத்தகைய வண்டிக்குத் தேய்மானம் பார்க்கக் கூடாது. மதிப்பீட்டாளர் பார்த்துச் சொல்லும் மதிப்பை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபீஸில் யாரும் அப்படி ஒரு பாலிசி போட்டதே இல்லை. மேலிடத்துக்கு நானே போன் செய்தேன். எதிர்முனையில் மூன்று பேர் மாறினார்கள். மூன்று பேரும் "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றார்கள். கடைசியில் பாலிசி வந்தபோது ஏஜென்சி முதலாளி மகாலிங்கம் சார் பிரிண்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "மூணு வருசமா உன் குரலை நான் கேட்டதில்லம்மா, அந்தப் பழைய இரும்பு கேட்க வச்சிருச்சே!"

பளபளப்பு

அந்த வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் பழைய மோட்டார் சைக்கிளை மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. நான் தாளும் பென்சிலுமாகக் குனிந்தேன். எஞ்சினிலும் சேஸிஸ் என்கிற வண்டிச் சட்டத்திலும் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பது எங்கள் வழக்கம். தேய்க்கத் தேய்க்கத் தாள் கறுத்ததே தவிர, எண் விழவில்லை. பாலிஷ் மெஷினில் கொடுத்துத் தேய்த்ததில் எண்ணும் சேர்ந்து போயிருந்தது. எண் இல்லாத எஞ்சின் யாருடையது என்று எப்படிச் சொல்வது? அவர் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். "ஆசைப்பட்டு மினுக்கினேன் தாயி, அது தன் பேரையே மறந்துருச்சு."

சந்தனக் காப்பு

ஆய்வுக்கு முந்தின நாள், எஞ்சினைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் சிக்கந்தர் அண்ணன் கடையில் என் வண்டியைக் கழுவினோம். எஞ்சின் எண் பளிச்சென்று இருந்தது. சட்டத்தின் எண், ஹேண்டில்பார் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு மஞ்சள் மேடுதான் இருந்தது. பட்டறையில் வண்டி ஓடாமல் கிடந்த காலத்திலும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம் வைத்திருக்கிறார்கள். சந்தனம், குங்குமம், பட்டறை எண்ணெய், மறு வருடம் மறுபடி சந்தனம். எல்லாம் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது.

சிக்கந்தர் அண்ணன் உப்புத்தாளை எடுத்தார். "நிப்பாட்டுங்க!" என்று நான் கத்தியதில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தேன். முதலில் ஒரு நான்கு தெரிந்தது. அதன்பின் ஒரு ஏழு. முழு எண்ணும் வெளியே வந்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனதும், கடை நடுவே நின்று கைதட்டினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "அந்தச் சந்தனம் மட்டும் இல்லேன்னா துரு எப்பவோ தின்னுருக்கும் தங்கச்சி, பூசுன மகராசன் நல்லாயிருக்கட்டும்."

எட்டுப் போடும் மைதானம்

மறுநாள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆய்வு. ஒரு பக்கம் லைசென்ஸுக்காக எட்டுப் போடும் கூட்டம், இன்னொரு பக்கம் நானும் என் வண்டியும். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். சீட், விளக்கு, சைலன்சர், எண்கள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஹேண்டிலில் உள்ள சின்ன லீவரைப் பிடித்தபடி, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, லீவரை விட்டுவிட்டு உதைக்க வேண்டும். உதைத்தேன். இருமியது. மறுபடி உதைத்தேன். கிக்கர் திருப்பி என் காலை உதைத்தது. எட்டுப் போட நின்ற கூட்டம் எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. "அக்கா, நான் உதைக்கவா?" என்றான் ஒரு கல்லூரிப் பையன்.

இத்தனை கண்கள் என்னைப் பார்த்தால் வழக்கமாக எனக்கு வேர்த்துவிடும். அன்று காயலான் கடை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. "வேணாம், இது என் வண்டி" என்று சொல்லிவிட்டு முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து முழு எடையோடு உதைத்தேன். டக்... டக்... டக்... என்று நெஞ்சுக்குள் கேட்கிற மாதிரி ஓடத் தொடங்கியது! கூட்டம் விசிலடித்தது. நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "எல்லாம் ஒரிஜினல்தான், பாஸ் பண்ணிட்டேன். மொதல்ல அத ஆஃப் பண்ணும்மா, எட்டுப் போடுறவன் பூராம் உன்னையவே பாத்துக்கிட்டு கம்பத்துல போய் முட்டுறான்!"

வீதியுலா

'விஏ' பிளேட் வந்த அன்று அம்மா அதை வண்டியில் வைத்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகுதான் கேட்டார், "நாளைக்கு ஆபீஸுக்கு இதுலதான போற?" நான் அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. விண்டேஜ் பதிவுள்ள வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். அவ்வளவுதான்.

அம்மா பிளேட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். லோடு ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "அப்ப இது உற்சவர்னு சொல்லு. திருவிழாவுக்கு மட்டுந்தான் வீதியுலா வருவாரு... சரி, ஸ்கூட்டருக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிட்டு வா."

இத்தனை பாடுபட்டு, ஓட்டக் கூடாத வண்டிக்கு ஓடுவதற்கான நம்பர் வாங்கிவிட்டு, தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீஸ் போகிற எனக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு மட்டும் இதுவரை எந்தக் கம்பெனியும் பாலிசி கொண்டுவரவில்லை.