ஞானம் பாஸும் நின்றுபோன எஞ்சினும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வூதியக்காரனாகிய நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையொப்பம் வாங்குவதற்காகப் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றேன். அப்போதுதான் கைபேசி அடித்தது. ஞானம் பாஸ் காலையில் கராஜில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வரிசையை விட்டு வெளியே வந்து, எங்கே போகிறேன் என்று தெரியாமல் வாவிக்கரை வரை நடந்தேன். அந்தக் கையொப்பத்தை இன்னும் வாங்கவில்லை.

ஞானப்பிரகாசம் என்ற முழுப் பெயர் கோயில் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எஞ்சின் திருத்துபவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; படகு எஞ்சின் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் ஞானம் பாஸ்தான். புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி இருந்த அவருடைய கராஜுக்கு இருபத்தைந்து வருடங்கள் போய் வந்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே வயது. நான் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் என்னைச் ‘சேர்’ என்பார். எஞ்சினைப் பற்றி என்னோடு வாதாடித் தோற்றவர் போலவும் காட்டிக்கொள்வார். உண்மையில் அவர் தோற்றது கிடையாது.

செத்த வீட்டில் பந்தலுக்குள் இருந்தபோது முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “நல்ல பாஸ்தான். அந்த ரேஸ் எஞ்சினிலதான் பிழை விட்டுட்டார்.” மற்றவர் தலையாட்டினார். பன்னிரண்டு வருடங்களாக ஊரில் நடமாடும் பேச்சு அது. எனக்குப் பின்னால் இருந்தவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். நான் பிளேன்டியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது பொய் என்று தெரிந்தவன் அன்றைக்கு உலகத்தில் நான் ஒருவன் மட்டும்தான். அதை உங்களுக்குச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதற்கு முதல் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த சிலிண்டர் முதலில் வெடிக்கும், அடுத்தது எது என்ற வரிசைக்குப் பயரிங் ஓடர் என்று பெயர். ஓட்டமாவடியிலிருந்து ஒரு மீன் முதலாளி, மூன்று பேர் கைவிட்ட எஞ்சின் ஒன்றைக் கொண்டு வந்தார். ஸ்டார்ட் பண்ணினால் கார்புரேட்டர் வழியாக ‘பட் பட்’ என்று வெடிக்கும். கார்புரேட்டர், பிளக், வயர் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. பாஸ் எதையும் மாற்றவில்லை. மேல்மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். வால்வுகள் என்ன வரிசையில் திறக்கின்றன என்று பார்த்தார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று இருக்க வேண்டியது ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று என்று போனது. வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் சாஃப்டை யாரோ வேறு எஞ்சினிலிருந்து எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் பிளக்குகளின் வயர்களை இடம் மாற்றிப் பூட்டினார். எஞ்சின் முதல் தரத்திலேயே பிடித்தது.

“பயரிங் ஓடரைப் புத்தகத்திட்டக் கேக்காதீங்க சேர், உள்ளுக்க கிடக்கிற கேமிட்டக் கேளுங்க” என்றார் என்னிடம். ஆனால் முதலாளியிடம், வயர் ஒள்ளுப்பம் தளர்ந்திருந்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஏன் என்று கேட்டேன். கேமை மாற்றிப் பூட்டியவனும் நாளைக்குக் கராஜ் திறக்க வேண்டுமே என்றார். இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்பது இப்போது வெட்கமாக இருக்கிறது.

இனி என் கதை. எனக்குப் படகுப் பைத்தியம். மண்டூர்த் துறைப் பக்கம் சித்திரைக்கு எஞ்சின் படகுப் போட்டி வைக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு ஃபைபர் படகு வாங்கினேன். ஜப்பான் கார் எஞ்சின் ஒன்றை அதற்கேற்றபடி மாற்றிப் பூட்டித் தருமாறு பாஸைக் கேட்டேன். நான்கு மாதம் அதோடு மினக்கெட்டார். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம் சாஃப்ட்தான். அவர் அளவான ஒன்றைப் பூட்டினார். எனக்கு அது போதவில்லை. கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில், ரேஸ் காரிலிருந்து கழற்றிய கேம் சாஃப்ட் ஒன்றை வாங்கி வந்து அவர் முன் வைத்தேன். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கிற சாதி. உச்ச வேகத்தில் பறக்கும்.

பாஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். இந்தக் கேமில் உள்ளே எடுக்கிற வால்வும் புகையை விடுகிற வால்வும் நெடுநேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். மெதுவாக ஓடும்போது புகை திரும்ப உள்ளே இழுபடும். காருக்கு அதனால் பெரிய கேடில்லை. படகிலோ சூடு தணிக்க வாவித் தண்ணீரையே புகைக்குழாய்க்குள் பாய்ச்சுகிறோம். புகையோடு தண்ணீரும் உள்ளே வரும். போட்டியில் யார் மெதுவாக ஓடப்போகிறார்கள் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது:

“கார் சிக்னலில ரெண்டு நிமிசம்தான் நிக்கும். நம்மட போட் பிரதம விருந்தினர் வரும் மட்டும் எஞ்சினை ஓட விட்டுட்டு நிக்க வேணும். கேம் தேடக்குள்ள அதையும் சேத்துத்தான் தேட வேணும் சேர்.”

நான் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டேன். போட்டிக்கு முதல் நாள், அவர் பூசைக்குப் போயிருந்த நேரம், படகை என் வீட்டுக்கு எடுத்து வந்து கேமை நானே மாற்றினேன். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறிப் படிப்பித்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைப்பு. ஒருவருக்கும் சொல்லவில்லை. வென்ற பிறகு பாஸிடம் காட்டலாம் என்றிருந்தேன்.

மறுநாள் எட்டுப் படகுகள் வரிசையில் நின்றன. பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. எஞ்சினை அணைத்தால் நேரத்துக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவரும் அணைக்கவில்லை. என் எஞ்சின் மட்டும் முரட்டுத்தனமாக உறுமியது. சனம் கை தட்டியது. கரையில் நின்ற பாஸ் அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் தண்ணீரின் விளிம்புக்கு வந்து, இரண்டு கைகளையும் குறுக்காக ஆட்டினார். அணைக்கச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. காணாதவன் போல மற்றப் பக்கம் பார்த்தேன். முக்கால் மணித்தியாலத்தில் எஞ்சின் இரண்டு தரம் தானாக நின்றது. இரண்டு தரமும் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். ஒருவழியாக விருந்தினர் வந்து கொடி விழுந்தது. முழு வேகம் கொடுத்தேன். நூறு யார் போயிருக்க மாட்டேன், உள்ளே தண்ணீர் குடித்திருந்த எஞ்சின் பெரிய சத்தத்தோடு வெடித்து நின்றது. ஒலிபெருக்கிக்காரர் ‘ஞானம் பாஸின் எஞ்சின் உடைந்துவிட்டது’ என்று இரண்டு தரம் அறிவித்தார்.

அன்று பின்னேரம் பாஸ் தனியாக மூடியைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். கேமைக் கண்டதும் அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அதைக் கழற்றித் துடைத்து, ஒரு பழைய சாரத் துண்டில் சுற்றி என் கையில் தந்தார். வெளியே நின்றவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். “என்ட கணக்குப் பிழைச்சுப் போச்சு” என்றார். நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் ரேஸ் எஞ்சின் கொண்டு வரவில்லை. வாவியில் ஓடவிருந்த இரண்டு பயணிகள் படகுகளின் வேலையும் வேறொருவரிடம் போனது. அந்த வேலைக்காக அவர் எவ்வளவு ஆசையாகப் படம் கீறி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் தாங்காமல், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். நீங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேச வேண்டிய மனிதர் சேர், நான் இரும்புக்கு முன்னால்தானே நிற்கிறேன் என்றார். இதைச் சொல்லிவிட்டு யாருடையதோ பம்பைக் கழற்றத் தொடங்கினார். நான் ஓய்வு பெற்று ஆறு வருடங்களாகிறது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அவருடைய மனைவி றீற்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், மன்னித்துவிட்டேன் என்பார் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த செபமாலையைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

“நானும் அவரைத்தான் ஏசினன் சேர். வயசு போயிற்று, கண் தெரியல்ல, ஏன் இந்த வேலையை ஏத்தீங்க எண்டு ஏசினன். ஒண்டும் பறையாமத்தான் இருந்தார்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

“எனக்குச் சொன்னது போதும். பந்தலுக்க இருந்து கேட்ட ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்க.”

அவரை அறிந்த உங்களில் ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து கிடைத்த ஏதாவது இருக்கும். திருத்திய எஞ்சின், சொல்லித் தந்த நுணுக்கம், ஒரு நல்ல சொல். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது, பன்னிரண்டு வருடங்கள் அவர் பெயரில் கிடந்த அந்தப் பிழையைத்தான். ஞானம் பாஸின் கணக்கு பிழைக்கவில்லை. இனி யாராவது அந்த எஞ்சினைப் பற்றிப் பேசினால், தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள்.