பென்சில் மறைத்த தழும்பு

அவருக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. தெருவுக்கு அவர் பென்சில். ஆளும் அந்த வாகுதான். ஒடிசலாக, நெடுநெடுவென்று, காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டூடியோவில் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். முதலாளி மூட்டுவலியோடு வீட்டில் படுத்த பிறகு படம் எடுப்பதும் அவர்தான், டச்சிங்கும் அவர்தான்.

டச்சிங் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைக் காலத்து வேலை அது. நெகட்டிவைச் சாய்வு மேசையின் கண்ணாடியில் வைத்து, அடியில் விளக்கைப் போட்டு, பென்சில் பிடிப்பதற்காக மெல்லிய வார்னிஷ் தடவி, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாம் பிரிண்டில் மாயமாகிவிடும். நிஜத்தில் எதுவும் போவதில்லை. டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பென்சில் கரைந்து பழைய முகம் வந்து நிற்கும். ஆனால் யார் துடைக்கப் போகிறார்கள்? "உங்க படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னவங்க, ஆளை நேர்ல பார்த்துட்டு என்னை அடிக்க வர்றாங்கப்பா" என்று ஒரு கல்யாணத் தரகர் அவரிடமே வந்து அழுதிருக்கிறார். பென்சிலுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபோது அவருக்கு ஏழு வயது. குளிப்பாட்டி, தலைவாரி, அடித்து, ஊட்டி வளர்த்தது அவள்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. ஸ்டூடியோ முதலாளி நோயாளியாக அங்கே வந்தபோது, "என் தம்பிக்குக் கை நிதானம் ஐயா, சும்மா சேர்த்துப் பாருங்க" என்று அவரைத் துரத்தித் துரத்தி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். சீக்கிரமே தாலியறுத்தவள். ஒரே பையன். வயரிங் வேலை கற்றுக்கொண்டிருந்தான். மாமாவிடம் வந்து வந்து ஸ்டூடியோ விளக்குகளை எல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, பாதியைத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பான்.

போரின் கடைசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ராணுவத்தார் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கினார்கள். பத்தொன்பது வயது. அதற்கப்புறம் அவனைப் பார்த்தவர் யாருமில்லை.

எட்டு நாள் கழித்து, அதாவது அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஸ்டூடியோ வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சாதாரண உடையில்தான் இறங்கினான் ஒருவன், ஆனால் நடையில் அதிகாரம் இருந்தது. பாஸ்போர்ட் படம் வேண்டும் என்றான். இடது புருவத்திலிருந்து கன்னம் வரை ஒரு தழும்பு. அதை விரலால் தொட்டுக் காட்டி, "இது தெரியக் கூடாது" என்றான். இதைவிட மோசமான முகங்களை எல்லாம் சரிசெய்தவர் பென்சில். ஏன், எதற்கு என்று கேட்கிற காலமும் இல்லை அது. இரண்டு மணி நேரம் மேசையில் குனிந்து உட்கார்ந்து, தாய் பார்த்தால்கூடச் சந்தேகப்படாதபடி அதை மறைத்துக் கொடுத்தார். வழக்கம்போல நெகட்டிவை உறையில் போட்டு, நம்பர், தேதி, அவன் சொன்ன பெயர் எல்லாம் எழுதி அலமாரியில் வைத்தார்.

ஆறு வருஷம் கழித்துப் பேப்பரில் ஒரு படம் வந்தது. ராணுவ முகாம் ஒன்றின் அதிகாரி, பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட நாற்பத்தொரு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவன், தலைமறைவு என்று போட்டிருந்தார்கள். தழும்பு தெளிவாகத் தெரிந்தது. பென்சில் கடையைச் சாத்திவிட்டு அலமாரியைக் குடைந்தார். அதே ஆள்தான். உறைமேல் வேறு பெயர். ஊரெல்லாம் பழைய பெயரில் அவனைத் தேடிக்கொண்டிருக்க, புதுப் பெயர் இவர் அலமாரியில் கிடந்தது.

நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதில் அவருக்காக வாதாட எனக்கு ஒன்றுமில்லை. சொன்னால் அக்காவுக்குத் தெரியும். தன் பிள்ளையைக் கொண்டுபோனவனுக்குத் தப்பிப் போக முகம் செய்து கொடுத்தது தம்பிதான் என்று தெரியும். அந்த ஒரு எண்ணம் அவர் வாயைப் பதினோரு வருஷம் கட்டிப்போட்டது. ஒவ்வொரு வருஷமும் அக்கா தன் பையனின் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள், காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்குக் கொடுக்க. "நல்லா தெளிவா போட்டுக் குடுடா தம்பி" என்பாள். போட்டுக் கொடுப்பார். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பார்களே, அப்படித்தான்.

கடைசியில் விஷயம் தானாகவே கடையேறி வந்தது. தேடும் குழுவைச் சேர்ந்த வக்கீலம்மா ஒருத்தி, சின்ன வயசு, செருப்பு தேய நடந்தவள், ஒரு படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நகலெடுத்துக் கொண்டுவந்தாள். பின்னால் ஸ்டூடியோ முத்திரை, நம்பர்.

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டோம் சார். வெளிநாட்டுல தச்சுப் பட்டறை வெச்சிருந்தான். ஆனா நான் அவன் இல்லைன்னு சாதிக்கிறான்."

"தழும்பு இருக்குமே?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் நகலை மேசைமேல் வைத்தாள்.

"இருக்கு. பட்டறையில ரம்பம் பட்டுதுங்கிறான். அதுக்கு ஆதாரம் இந்தப் பாஸ்போர்ட் படம். இந்த நாட்டை விட்டுப் போனப்போ என் முகத்துல கீறல்கூட இல்லை, பாருங்கன்னு நீட்டுறான். இது ஒண்ணை உடைக்க முடியலைன்னா விட்டுடுவாங்க."

பென்சில் எழுந்து போய் அலமாரியிலிருந்து உறையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். அழுகை வந்துவிட்டது. "நான் கோர்ட்டுக்கு வரணுமா?" என்று கேட்டார்.

"நீங்க வந்தாத்தான் சார் கேஸே."

"எங்க அக்கா அங்க இருப்பாங்களே."

நாற்பத்தொரு குடும்பமும் முதல் வரிசையில் இருக்கும் என்றாள் வக்கீலம்மா.

அதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை அக்கா வீட்டுக்குப் போனார். முதல் முறை ஒழுகிய குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார். இரண்டாம் முறை ஜன்னல் கொக்கி. மூன்றாம் முறை சரிசெய்ய எதுவும் கிடைக்காமல், "நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்டார். "ஆளைப் பிடிச்சுட்டாங்கடா. இனிமே என் பிள்ளை எங்கே இருக்கான்னு சொல்லித்தானே ஆகணும்?" என்றாள் அவள். முகத்தில் பதினேழு வருஷமாகக் காணாத வெளிச்சம். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுப் புறப்பட்டார்.

கோர்ட்டில் ஒரு சின்ன விளக்கு மேசை போட்டிருந்தார்கள். முதலில் நெகட்டிவை அப்படியே பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். வழவழவென்ற முகம். பிறகு பென்சில் பஞ்சை டர்பன்டைனில் தொட்டு, புருவத்திலிருந்து கன்னம்வரை மெதுவாகத் துடைத்தார். நிதானம் பழகிய கை அது. திரையில் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தது. கூண்டில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தப் பென்சில் வேலை யாரோடது?" என்றார் நீதிபதி.

"என்னோடதுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "பேப்பர்ல படம் வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அப்பவே ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"யாருக்குப் பயம்? இவருக்கா?"

"எங்க அக்காவுக்கு."

கோர்ட்டே சிரித்தது. அவர் முதல் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. உறைமேல் எழுதிய தேதியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தார். அவருக்குப் பிறகு ஏறிய சாட்சி, முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்த ஒரே ஆள். அந்தத் தேதி வந்த வாரத்தில் வெள்ளிக்கிழமை வரைக்கும் பையன்கள் எல்லோரும் முகாமின் கிடங்குக்குள்ளேதான் இருந்தார்கள் என்று சொன்னார். ராத்திரியில் பாட்டுப் பாடிக்கொண்டார்களாம்.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டு போனார். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தேதி செவ்வாய்க்கிழமைதானே?"

"ஆமாக்கா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தான்னா, செவ்வாய்க்கிழமை என் பிள்ளை உயிரோட இருந்திருக்கான்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் கடைக்கு வந்தேன். அவன் படத்தைப் பெரிசு பண்ணித் தரச் சொல்லி. வாசல்ல ஜீப் நின்னுச்சு."

அந்த நாட்களில் அவள் தினமும்தான் வந்தாள், தினமும்தான் அழுதாள். எந்த நாளில் எந்த அழுகை என்று அவர் பிரித்து வைத்திருக்கவில்லை. இப்போதுதான், அவள் சொல்லச் சொல்ல, எல்லாம் வந்து மார்பில் ஏறியது. ஒரு குற்றத்தைப் பொத்திப் பொத்தி வைத்தவர், அதைவிடப் பெரியதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறார்.

"உள்ள ஆள் இருக்காங்கன்னு பெஞ்சுல உட்கார வெச்சே. நான் அழுதுட்டு இருந்தேன். நீ திரையை விலக்கிட்டு வந்து, சத்தம் போடாதக்கா, பெரிய இடத்து ஆளுன்னு சொன்னே."

"ஆமாக்கா."

"நான் அழுதது அவனுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் சொல்லாமல் இருந்தவருக்கு அன்றைக்கு அது முடியவில்லை.

"கேட்டுச்சு. யாரு அழறதுன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"பயந்துட்டேன்க்கா."

"என்ன சொன்னேன்னு கேட்டேன்."

"யாரோ ஒரு அம்மாங்க, பிள்ளையைக் காணோமாம், நீங்க தாடையைக் கொஞ்சம் தூக்குங்க ஐயான்னு சொன்னேன்."

"யாரோவா?" என்றாள் அக்கா.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சாகும்வரை சிறை. பென்சில் துடைத்த அந்த நெகட்டிவ்தான் முடிவான ஆதாரம் என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். பையன்களை எங்கே புதைத்தான் என்பதை மட்டும் அவன் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

தீர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போனார். கதவு திறக்குமோ திறக்காதோ என்று பயந்துகொண்டேதான் போனார். திறந்தது. அக்கா அவரைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க. உட்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் திரும்பிப் பார்த்தார்.