பரமக்கா எடுத்த ஏழு கல்

கிர்ஸ்டன் எனக்குப் போன் எடுத்தபோது நான் பஸ் தரிப்பில் நின்றேன். பரமக்காவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். மிச்சத்தை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாரி முழுக்க நான் அந்தப் போனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பரமக்காவின் மகள் கேட்டாள். "நல்லதா எழுதுங்கோ அன்ரி" என்றாள். அவவைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், நல்லது மட்டும் தனியாக வராது.

சில்க்போர்க் நகரத்துச் சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்த காலத்தில், எங்களோடு வேலை செய்த கிர்ஸ்டன்தான் மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் 'கோ' விளையாடக் காட்டித் தந்தாள். கோடு போட்ட பலகை, கறுப்புக் கல், வெள்ளைக் கல். பிறகு நூலகத்தில் கூடும் அவளுடைய கிளப்பில் சேரப் போனோம். அங்கே எல்லோர் முன்னாலும் பரமக்கா என் படிவத்தைப் பறித்தா.

"இஞ்சை தாடி நாகேசு. ஐஞ்சாம் வகுப்போட நிண்டவளுக்கு என்னத்துக்குப் பேனை?"

அதை டேனிஷிலும் சொல்லிச் சிரித்தா. அடுத்த கிழமை டேனிஷ் எழுத்தில் என் பெயரை எழுதப் பழக்கியதும் அவதான். பழக்கியதற்கு நன்றி சொன்னேன். சிரித்ததை மறக்கவில்லை.

அவவுக்கு ஒரே ஆசை, முதலாம் டான் பத்திரம். இந்த விளையாட்டில் முப்பதாம் படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி முதலாம் படிக்கு வரவேண்டும். அதற்கு மேலேதான் டான். போட்டிகளில் வென்று புள்ளி கூடினால் கிளப் சிபாரிசு எழுதும். ஜப்பானிலிருந்து தூரிகையால் பெயர் எழுதிய பத்திரம் வரும். "சம்பளத்துண்டும் ஆஸ்பத்திரிக் கடிதமும் தவிர, என்ர பேர் போட்டு ஒரு கடதாசி வந்ததில்லையடி" என்பா. ஒன்பது வருடம் முதலாம் படியிலேயே நின்றா.

போன இலையுதிர் காலத்தில் இன்னொரு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. தலைக்குள் கட்டி. பிள்ளைகளுக்கு மறைத்து எனக்கு மட்டும் சொன்னா. "வாய் திறந்தியோ, பார்!" அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகக் கண்டேன். விரலிடுக்கில் நின்ற கல் நழுவியது. கேட்டதையே திரும்பக் கேட்டா. ஒரு நாள் என் முறைக்கும் தானே கல் வைத்தா.

ஒடென்சே நகரில் நடந்த போட்டியில் இன்னும் ஒரு வெற்றி போதும் என்று நின்றா. கடைசிச் சுற்றுப் பட்டியலைப் பார்த்தால், அவவுக்கு எதிரே நான்.

"விட்டுத்தந்தியெண்டால் செத்தாலும் உன்னோடை கதைக்கமாட்டன்."

"உங்களுக்கு ஆர் விட்டுத்தாறது?" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும், எந்தக் கற்கள் செத்தவை என்று இருவரும் ஒத்துக்கொண்டு எடுக்கவேண்டும். எதிராளி சுற்றி வளைத்த கற்கூட்டத்துக்குள் பிரிந்த இரண்டு வெற்றிடம் இருந்தால் அது சாகாது. அந்த வெற்றிடத்தைக் கண் என்று சொல்வார்கள். மூலையில் அவவின் வெள்ளைக் கல் ஏழு நின்றது. வெகுநேரம் பார்த்தா.

"இது செத்துப்போச்சு, என்ன?"

இரண்டு கண்ணும் இருந்தன. நான் கண்டேன். கிளப்பில் சிரித்த அந்தச் சிரிப்பும் என் காதில் கேட்டது.

"ஓம்" என்றேன்.

ஏழையும் தன் கையாலேயே எடுத்தா. அவை நின்றிருந்தால் அவ வென்றிருப்பா. முடிவுத்தாளில், அவ பழக்கிய எழுத்திலேயே நான் கையெழுத்து வைத்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு எதிரே இருந்தா. பிறகு கேட்டா:

"மூலையிலை நிண்டது செத்ததோடி?"

"நீங்கள்தானே எடுத்தனீங்கள்."

"ஓம். நான்தான் எடுத்தனான்." யன்னலைப் பார்த்தபடி, "வசந்தப் போட்டியிலை பாப்பம்" என்றா.

அவ வசந்தத்தைக் காணவில்லை.

செத்தவீடு முடிந்தபின் கிர்ஸ்டன் வந்தாள். ஒரு வெற்றிதான் குறை, சிபாரிசு எழுதினால் இப்போதும் பத்திரம் கிடைக்கலாம், கடைசியாக எதிரே இருந்தவள் நீ, என்ன சொல்கிறாய் என்றாள். நடந்ததைச் சொன்னேன். கோப்பி ஆறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "அதை எழுத்தில் தா" என்றாள்.

இதுதான் அந்த எழுத்து. நல்லதாக எழுதச் சொன்ன மகளே இதை டேனிஷுக்கு மாற்றட்டும்.

பத்திரம் வந்தால் அது பிள்ளைகளுக்கு. எனக்கு அவவின் பலகை. அதன் மூலையில் அந்த ஏழு வெள்ளைக் கல்லையும் நின்றபடியே வைத்திருக்கிறேன். தூசு துடைக்கும்போதும் ஒன்றை எடுக்கமாட்டேன்.