எருக்கிலைக்காரன் பேசக்கூடாது

வெள்ளைக்காரன் தேசத்தை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையை நான் ஆண்டேன். எனக்கு ஒன்பது வயது. வைக்கோல் போருக்கும் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்கும் நடுவே கிடந்த அந்த நாட்டுக்கு ராணியும் நான்தான், சட்டம் போடுகிறவளும் நான்தான்.

சட்டமென்றால் சும்மா இல்லை. ஒவ்வொருவர் காதிலும் ஓர் இலை செருகியிருக்கும். எனக்கு மாவிலை. அத்தை மகன் மந்திரி, அவனுக்குப் பூவரசிலை. ஐந்து வயதுத் தம்பிக்கு எருக்கிலை. தரையில் சாம்பலால் ஒரு கோடு கிழித்திருந்தேன், எருக்கிலைக்காரன் அதைத் தாண்டக்கூடாது. மாவிலையிடம் நேராகப் பேசக்கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு பூவரசிலையிடம் சொன்னால் அது என்னிடம் சொல்லும். மாவிலை மாவிலையைத்தான் கல்யாணம் கட்டவேண்டும் என்றும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். "மாவில நீ ஒருத்திதானே கீறே, யாரக் கட்டிப்பே?" என்று மந்திரி கேட்டான். அதிகப்பிரசங்கி என்று அவனை அரை நாள் நாடு கடத்தினேன்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா, "பாப்பாவப் பாத்துக்கோடி, சோறு வடிச்சிட்டு வந்துட்றேன்" என்று நடை பழகிக்கொண்டிருந்த தங்கையை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். அப்பா பூந்தமல்லிச் சந்தைக்குப் போயிருந்தார். மந்திரியை அத்தை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கவிழ்த்த கூடைமேல், கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புதுச் சட்டம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே, சாம்பல் கோட்டுக்கு அந்தப்பக்கம் தம்பி நின்றான். வாயைப் பொத்தியிருந்தான். குதித்தான். என்னைப் பார்த்தான், மந்திரி போன வழியைப் பார்த்தான், மறுபடி குதித்தான். கண்ணெல்லாம் தண்ணீர். ஒன்றுக்கு வருகிறது போலிருக்கிறது என்று நினைத்து, "அடக்கிக்கோடா, மந்திரி வரட்டும்" என்றேன்.

எனக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

ஐயோ! திரும்பிப் பார்த்தேன். தங்கை இல்லை. அத்தனை சட்டம் போட்ட வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தம்பிதான் அலறினான்.

வேலிக்கு வெளியே புல் அறுத்துக்கொண்டிருந்த எங்கள் பண்ணையாள் ஓடி வந்தார். வீட்டில் எல்லோரும் அவரை 'அவன்' என்பார்கள், நானும்தான். வேலிப் படலைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "சின்னம்மா, உள்ள வரலாமா? கெணத்துல எறங்கலாமா?" என்னைத்தான் கேட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தார். அப்புறம் பாய்ந்து வந்து குதித்தார்.

மேலே கொண்டுவந்தபோது தங்கை நீலம் பாரித்திருந்தாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். தண்ணீராகக் கக்கினாள், பிறகு வீரிட்டு அழுதாள். அம்மா கையில் பிடித்த கரண்டியோடு ஓடி வந்தாள். அவர் குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அம்மா வாரி எடுத்துக்கொண்டு, "நீ நல்லாருக்கணும்பா" என்று கதறினாள்.

நான் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டா கத்தல?"

"மந்திரி இல்லியேக்கா. நீதான பேசக்கூடாதுன்னே" என்று விக்கினான்.

அவன் காதிலிருந்த இலையையும் என் காதிலிருந்ததையும் பிய்த்து எறிந்தேன். சாம்பல் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன். நாடு ஒழிந்தது, இனி அப்படியொரு சட்டம் எங்கேயும் கிடையாது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கிணற்றை இறைக்க நாலு பேர் வந்தார்கள். "அவன் எறங்கின தண்ணிய எப்டி குடிக்கறது?" என்றார் அப்பா. தண்ணீர் முழுவதும் கொல்லையில் பாய்ந்தது. ஐயர் வந்து மந்திரம் சொல்லி மஞ்சள் நீர் தெளித்தார். தங்கையைக் கிணற்றிலிருந்து எடுத்தவர் தலையில் புல்லுக்கட்டோடு வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி என் பாவாடையை இழுத்தான். "அந்தாளு காதுல இன்னா எலக்கா?"

"போடா பைத்தியம், அந்தாளு நம்ம ஆட்டத்துலயே இல்ல" என்று சொல்லிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் நனைத்து விளையாடப் போனேன்.