ஆட்டுக் கொட்டகைச் சுவரில் மாமாவின் பெயர்

என் மாமா எத்தனை விதமாகச் செத்தார் என்று முழுதாகத் தெரிந்தவள் இன்றைக்கு நான் ஒருத்திதான். பாம்பு கடித்துச் செத்தார், ரயில் மோதிச் செத்தார், கொள்ளைக்காரன் குத்திச் செத்தார். கதாநாயகியின் அப்பாவாகக் கயிற்றுக் கட்டிலில் இருமிக்கொண்டே செத்தது மட்டும் நாலைந்து படம் இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற பேத்தி, அவர் ஹீரோவா என்று கேட்கிறாள். ஹீரோ எப்படிச் சாவான்? ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். அதற்குத்தான் என் மாமா.

அவர் அம்மாவின் தம்பி. கொரட்டூர் ஏரிப் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். காலையில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கே கோடம்பாக்கம் ரயிலைப் பிடிப்பார். சாயங்காலம் திரும்பி வந்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்குச் செத்தாயா என்பதுதான். ஆமாம் என்றால் வாசலோடு நிறுத்திவிடுவாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குச் செய்வதுபோல ஒரு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். மார்கழிப் பனியில் மாமா பல் கிடுகிடுக்க, செத்தது பொய்தானே அக்கா என்பார். பொய்யாக இருப்பதால்தான் ஒரு குடத்தோடு விட்டேன் என்பாள் அம்மா.

ஒருநாள் அம்மா குடத்தைத் தூக்கும்போது நைனா, என் அப்பா, கேட்டார். "இன்னா மச்சான், இன்னிக்கு எப்டி செத்த?"

"கெணத்துல உயுந்து," என்றார் மாமா.

நைனா அம்மா பக்கம் திரும்பினார். "அப்ப இன்னாத்துக்கும்மே தண்ணி? அவன்தான் நனஞ்சி வந்துகிறானே."

நைனாவுக்கு மாமாவின் தொழில் பிடிக்கவில்லை. அம்பத்தூரில் தொழிற்பேட்டை, அதுதான் எஸ்டேட், வந்த புதிது. அதுவரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த நைனா, அங்கே கம்பெனி வேலை கிடைத்து, காக்கிச் சட்டை போட்டு, சங்கு ஊதினால் போய்ச் சங்கு ஊதினால் வந்துகொண்டிருந்தார். மச்சான் மட்டும் வேலை என்ற பெயரில் செத்துக்கொண்டிருந்தால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்?

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். சாவுக் காட்சி எடுத்து முடித்ததும் செத்தவரைக் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்வார்களாம். சகுனத்துக்காக. அந்தத் துண்டு படத்தில் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். மாமா அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் செய்து காட்டுவார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி. சினிமாவில் யாருமே பார்க்காத அதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமா நடிகர் மட்டும் இல்லை. ஆரம்பத்தில் முனகிச் சாவதுதான் அவர் வேலை. பாம்பு கடித்த படத்தில் சும்மா போக மனம் வராமல் தானாக ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்தார். டைரக்டர் திட்டவில்லை. அடுத்த தடவை, நீயே ஏதாவது சொல்லிக்கொள் என்றாராம். பிறகு மற்றவர்கள் சாகும்போது பேசுவதையும் எழுதச் சொன்னார்கள். கொஞ்ச நாளில், சாகாதவர்கள் பேசுவதும் மாமாவின் நோட்டிலிருந்து போக ஆரம்பித்தது. ஆனால் படத்தில் பெயர் வருவது ஒரு பெரிய வசனகர்த்தாவுக்கு.

அந்த நோட்டில் எனக்கும் பங்கு உண்டு. நான் பள்ளிக்கூடம் போனதில்லை, ஏரிக்கரையில் ஆடு மேய்த்தேன். மாமா ஷூட்டிங் இல்லாத நாளில் என்னோடு வந்து உட்கார்ந்து எழுதியதை வாசிப்பார். எழுத்து தெரியாத எனக்குப் புரிந்தால் சினிமாக் கொட்டாயில் தரை டிக்கெட் முழுக்கப் புரியும் என்பது அவர் கணக்கு. நான் தலையைச் சொறிந்தால் அந்த வரியை அடித்துவிடுவார். இதைச் சொன்னால் என் சம்பந்தியம்மாள் இன்றைக்கும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அந்த வருஷம் என் குட்டி ஆடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. மடியில் போட்டுக்கொண்டு, வாயில் தழை இன்னும் கிடக்கிறதே, மென்றுவிட்டாவது போயேன் என்று அழுதேன். மாமா தேற்ற வந்தவர், சட்டென்று நோட்டைத் திறந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு ரெண்டு நாள் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நைனா மேஸ்திரியிடம் பேசி மாமாவுக்குக் கம்பெனியில் இடம் பிடித்துவிட்டார். மாமா கெஞ்சினார். இப்போது எடுக்கிற படத்தில் வசனத்துக்குத் தன் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார். நைனா ரொம்ப நேரம் வெற்றிலை மென்றார்.

"சரி. பேர் வந்தா உன் வழிக்கு நான் வர்ல. வர்லன்னா மறுநாள் காலைல காக்கிச் சட்ட."

வந்ததா இல்லையா என்று யார் சொல்வது? எங்கள் வீட்டில் மாமாவைத் தவிர யாருக்கும் எழுத்து தெரியாது. மாமா சொன்னால் செல்லாது. அந்நியரைக் கேட்டால் நமக்கு எழுத்து தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும். அது நைனாவுக்கு உயிர் போகிற கூச்சம். கடைசியில், குழந்தை பொய் சொல்லாது என்று என்னை நியமித்தார். மாமா ஆட்டுக் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் தன் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினார். முதலில் தூண்டில் முள் மாதிரி ஒன்று, நடுவில் ஆட்டுக்கொம்பு மாதிரி ஒன்று, கடைசியில் தலையில் புள்ளி. தினமும் ஆடு அவிழ்க்கும்போது பார்ப்பேன். நைனாவும் காலையில் வாயில் பல்பொடியோடு கொட்டகை வாசலில்தான் வெகுநேரம் நிற்பார். ஆடுகளைப் பார்க்கிறார் என்று நினைப்பேன்.

படம் பட்டணத்தில் ஓடி முடித்து, ஆறேழு மாதம் கழித்துத் திருமுல்லைவாயில் டென்ட் கொட்டாய்க்கு வந்தது. முதல் ஆட்டத்துக்கு எல்லோரும் நடந்தே போனோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்களோடு அம்மா. ஆண்கள் பக்கம் மணலைக் குவித்து நைனா உட்கார, மடியில் நான், பக்கத்தில் மாமா.

விளக்கு அணைந்து எழுத்து ஓட ஆரம்பித்தது. ஒன்று போனால் ஒன்று, கண் இமைக்க நேரமில்லை. புள்ளி வைத்த பெயர் நிறைய வந்தது. ஒன்றில் கொம்புகூட இருந்தது. தூண்டில் முள் மட்டும் வரவேயில்லை. எழுத்து முடிந்து ஒரு மாட்டு வண்டி வந்துவிட்டது. மாமா திரையைப் பார்க்காமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

நைனா குனிந்து என் காதில் கேட்டார். "வந்துச்சா?"

"வந்துச்சி நைனா. பெருசா வந்துச்சி."

நைனா ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மாமா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் மாமா வண்டிக்காரர். மாடு முட்டிச் சாய்ந்து கிடக்கிறார். பெண்டாட்டி தலையை மடியில் எடுத்து வைக்கிறாள். மாமா மெதுவாக வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். "வெத்தல இன்னும் செவக்கவே இல்ல புள்ள. அதுக்குள்ள கூப்டுறான்."

கொட்டாய் முழுக்க மூக்குறிஞ்சுகிற சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா, "ஐயோ என் தம்பி" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். மாமா எழுந்து ஓடித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, நாக்கைக் கடித்து அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். செத்தவன் எட்டிப் பார்த்ததில் அங்கே நாலு பெண்கள் அலறினார்கள். எனக்கோ, அது என் குட்டி ஆடு என்று ஊருக்கே கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த நைனாவின் தாடை அப்படியே நின்றிருந்தது.

நடந்து திரும்பும்போது பாதி வழியில் நைனா மாமாவிடம் சொன்னார்.

"மேஸ்திரி கைல வேணாம்னு சொல்லிடறேன் மச்சான். பொண்ணே பாத்துட்டா. அப்பறம் இன்னா?"

மாமா அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் செத்தார், எழுதினார். நைனாவை நான் ஏமாற்றியது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று வளர்ந்தேன். கல்யாணமும் ஆயிற்று. கொட்டகை இடிந்து, சுவரும் கரியெழுத்தும் மண்ணாகிவிட்டன.

ஒரு தடவை பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது, மாமாவின் புதுப் படம் வந்திருக்கிறதென்று ஆவடி தியேட்டருக்கு எல்லோரும் போனோம். மடியில் என் மகன். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த உருவமெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்ததால் நான் பிள்ளைக்குப் பால் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்தில் நைனா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலில் திரை விலகினால் நிற்பதுபோல நின்றார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். திரையில் ஒரே ஒரு பெயர், முழுத் திரைக்கும். பார்த்ததும் நினைவு வந்தது: தூண்டில் முள், ஆட்டுக்கொம்பு, புள்ளி.

அது மறைந்த பிறகுதான் உட்கார்ந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மொத தபா வந்துகீது."

அந்தக் கொட்டகை வாசலில், வாயில் பல்பொடியோடு, அவர் அவ்வளவு நேரம் பார்த்தது ஆட்டை இல்லை.