பின் சீட்டுக்கு அடியில்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும்தான். இது என் அத்தானுக்கு நடந்தது. அவர் மெக்கானிக். ஆயில் கையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்கிற ஆள், எதற்கும் முகம் சுளிக்க மாட்டார்.

அக்காவுக்கு அப்போது நிறைமாதம். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். அதற்காகவே அடிமாட்டு விலைக்கு ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். வந்த நாள் முதல் தரையில் கறுப்புத் திட்டு. பனிக்காலத்தில் ரப்பர் சீல் இறுகி ஆயில் கசிவது சகஜம்தான். ஆனால் நடுவழியில் ஆயில் தீர்ந்து இன்ஜின் நின்றுபோனால் அக்கா கதி?

அன்று மாலை ஷெட்டில் இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். மேலே முகப் பவுடரைத் தூவினார். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார்.

தூவிய பவுடர் அப்படியே இருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை.

கீழே மட்டும்... சொட்... சொட்...

முணுமுணுத்தபடி அடியில் மல்லாந்து நுழைந்தார். சொட்டியது பின் சீட்டுக்கு அடியிலிருந்து. அங்கே ஆயில் போக வழியே கிடையாது. தொட்டார். கொழகொழவென்று இருந்தது. ஸ்பானரே பனிக்கட்டியாய்க் கிடக்கிற குளிரில், இது வெதுவெதுப்பாக இருந்தது. விரலைப் பிரித்தால் நூலாக நீண்டது. அதில் ஒரு நீள முடி. கெட்டுப்போன கறி நாற்றம். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

"ஏங்க..."

மேலே, பின் சீட்டிலிருந்து. க்ரீச்... ஸ்பிரிங் அமுங்கியது.

"இந்தக் குளிர்ல ஏம்மா வந்து உக்காந்திருக்கே?"

"ஏங்க... முடியலங்க..."

"ஒரு நிமிஷம் இரு. எங்க ஒழுகுதுன்னு பாத்துடறேன்."

சொட். உதட்டில் விழுந்தது. உப்புக் கரித்தது.

ஆயில் உப்புக் கரிக்காது...

ஷெட் கதவு திறந்தது. வெளியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா.

"வலி வந்துடுச்சு. யாருகூட பேசிட்டிருக்கீங்க?"

அத்தான் உருண்டு வெளியே வந்தார். பின் சீட்டில் யாருமில்லை. நடுவில் மட்டும் பள்ளம். அது மெல்ல... மெல்ல... மேலெழும்பியது.

அங்கேயே வாந்தி எடுத்தார். அக்காவைப் பக்கத்து வீட்டு வேனில்தான் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் நலம்.

காரை விற்ற தரகர் பிறகுதான் வாயைத் திறந்தார். அதை முன்பு வைத்திருந்தவனும் மனைவியைப் பிரசவத்துக்குத்தான் கூட்டிப் போனானாம். வழியில் குவிந்துகிடந்த பனியை விலக்க இறங்கியவன், வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டுவதைப் பார்த்திருக்கிறான். ஆயில்தான் என்று மல்லாந்து படுத்துவிட்டானாம். பின் சீட்டிலிருந்து அவள் கூப்பிடக் கூப்பிட, "இதோ, இதோ" என்றானாம்.

அந்த வண்டியில் ஆயில் ஒழுகியதே இல்லையாம்.