சிவப்பு மட்டும் எரிந்தது

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இது வாய்வழி வந்த கதை அல்ல. உப்புக்குளம் ஹலீமுக்குப் போன மாதம், பட்டப்பகலில் நடந்தது.

பள்ளிமுனையில் ஒரு நண்டு ஆலை. எஃகுத் தட்டுகளை நகர்த்தும் பெல்ட் அடிக்கடி நின்றுவிடும். அதுவும் நண்டு வெட்டும் றோசம்மா வேலைக்கு வரும் நாட்களில் மட்டும்.

“களைச்சால் சென்சருக்குக் கத்தியைக் காட்டி நிப்பாட்டுறாள். பிடிச்சுத் தாரும், இண்டைக்கே வீட்டுக்கு அனுப்புறன்,” என்றார் மனேஜர் இரத்தினம்.

மின்வேலைக்கு வந்த ஹலீமுக்கும் அதே சந்தேகம்தான். தட்டு விலகி ஓரத்துக்கு வந்தால் பெல்ட்டை நிறுத்த, பெல்ட் ஓரம் மூன்று இடங்களில் இரண்டிரண்டு சென்சர்கள். ஒன்றுக்கு உலோகம் மட்டுமே தெரியும். தொடவே வேண்டாம், ஒரு நக தூரத்துக்குள் வந்தால் சிவப்பு எரியும். விரலை வைத்தால் எரியாது. மற்றது ஒளிக்கதிர். சதையோ இரும்போ, எது குறுக்கே வந்தாலும் பச்சை எரியும்.

ஆக, கத்தி வந்தால் இரண்டும் எரிய வேண்டும்.

சாப்பாட்டு நேரம். உள்ளே இருவர் மட்டும்.

“அக்கா, கத்தியை வச்சிட்டு அந்தக் கதிரையில இருங்கோ.”

“இருக்கிறன் தம்பி. காலையும் கட்டப்போறியளோ?”

அவன் சிரிக்கவில்லை. வெறும் பெல்ட்டை ஓடவிட்டான்.

டிக்.

பெல்ட் நின்றது. கதவோரச் சென்சரில் சிவப்பு. பச்சை எரியவில்லை.

றோசம்மாவின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

சென்சர் பழுதுதான்... உலோகம் காணும் புதிது ஒன்றை எடுத்து, பற்றரியில் கொழுவினான்.

டிக். நடுச் சென்சர். சிவப்பு மட்டும்.

டிக். அவனருகே இருந்த சென்சர்.

கதவிலிருந்து... அவனை நோக்கி.

கையிலிருந்த புதுச் சென்சரை முகத்துக்கு நேரே தூக்கினான்.

அதுவும் எரிந்தது.

முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு நக தூரத்தில்...

ஒன்றுமே இல்லை.

மனேஜரின் கந்தோருக்கு ஓடினான். “றோசம்மாக்காவில பிழையில்ல. அவவை அனுப்பிப்போடாதேங்கோ.”

“அப்ப சரி, இருக்கட்டும்,” என்றார் இரத்தினம். “பாவம், புருசனும் அந்தப் பெல்ட்டிலதான் நிண்டவன். போன வருசம் செத்திட்டான். சண்டையில வெடிச்ச செல்லின்ர இரும்புத் துண்டு ஒண்டு புருவத்துக்குள்ள. எடுக்கேலாதெண்டு டொக்டர்மார் விட்டிட்டினம். கண்ணும் வடிவாத் தெரியாது. ஆர் நிக்கிறதெண்டு பாக்க, மூக்கு முட்டுற அளவுக்குக் கிட்ட வந்துதான் பாப்பான்.”